மீன் புரத மாத்திரை முடியை வளர்க்குமா? 180 வருடக் கதை



"டாக்டர், மீன்ல இருந்து எடுத்த புரதமாம். மூணு மாசம் சாப்பிட்டா முடி கொட்டுறது நின்னு, புதுசா முளைக்குமாம். வாங்கலாமா?"

சமீபமாக உள்பெட்டிக்கு அதிகம் வரும் கேள்விகளில் இதுவும் ஒன்று. மரைன் புரோட்டீன், மரைன் கொலாஜன், சுறா குருத்தெலும்பு என்று டப்பாவுக்கு டப்பா பெயர் மாறுகிறது. "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்ற வாசகம் மட்டும் எல்லா டப்பாவிலும் இருக்கிறது.

"வாங்காதீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அடுத்த மாதம் வேறு பெயரில் வேறு டப்பா வரும், நீங்களும் திரும்பவும் கேட்பீர்கள். அதனால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அந்த "ஆய்வு" என்பது என்ன ஆய்வு என்று முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அடிப்படை.

நம் முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. கெரட்டினில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அதிகம். முடியின் உறுதிக்கு அதுதான் காரணம். தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் 85 முதல் 90 சதவிகிதம் வளரும் நிலையில் இருக்கும். மீதி ஓய்வு நிலையில் இருக்கும். ஓய்வு நிலை சுமார் 3 மாதம். அது முடிந்ததும் அந்த முடி உதிரும், அதே இடத்தில் புதிய முடி முளைக்கும். மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும்.

இந்த "3 மாதம்" என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் பல இடங்களில் வரும்.

முடி புரதத்தால் ஆனது என்றால், புரதம் சாப்பிட்டால் முடி வளர வேண்டும்தானே? கேட்கும்போது சரியாகத்தான் தோன்றும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் நமக்கு முன்னாலேயே பலர் இருக்கிறார்கள்.

பாரிஸ் நகரம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

ஊர் முழுக்க ஏழைகள், மருத்துவமனைகள் முழுக்க நோயாளிகள், இறைச்சியோ விலை அதிகம். டார்சே என்ற வேதியியலாளர் குடும்பத்தினர் ஒரு யோசனை சொன்னார்கள். கசாப்புக் கடையில் வீணாகும் எலும்பை நீராவியில் வேகவைத்தால் ஜெலட்டின் கிடைக்கும். ஜெலட்டின் புரதம்தான். அதைச் சூப்பாகக் கொடுத்தால் இறைச்சியே வேண்டாம். மருத்துவமனைகளில் ஜெலட்டின் சூப் ஊற்ற ஆரம்பித்தார்கள்.

சாப்பிட்டவர்களுக்குத் தெம்பு வரவில்லை. புகார்கள் வர, பிரெஞ்சு அறிவியல் கழகம் ஒரு குழுவை அமைத்தது. உடலியல் அறிஞர் மஜாந்தி தலைமையில் சுமார் 10 ஆண்டுகள் நாய்களை வைத்துச் சோதனை செய்தார்கள். 1841ல் அறிக்கை வந்தது. ஜெலட்டினை மட்டும் கொடுத்து ஓர் உயிரை வாழவைக்க முடியாது என்பது அதன் முடிவு.

ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை 1901ல் ஹாப்கின்ஸ், கோல் என்ற இருவர் பிரித்தெடுத்த பிறகுதான் விடை புரிய ஆரம்பித்தது. உடலால் தானாகச் செய்துகொள்ள முடியாத, உணவில் இருந்தே கிடைத்தாக வேண்டிய அமினோ அமிலங்களில் அதுவும் ஒன்று. ஜெலட்டினில் அது இல்லை.

ஜெலட்டின் எதில் இருந்து வருகிறது? கொலாஜனில் இருந்து. இன்று டப்பாவில் விற்கும் மரைன் கொலாஜன், மீன் தோலிலும் செதிலிலும் உள்ள அதே வகைப் புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்த பொடி. அதிலும் டிரிப்டோஃபேன் கிடையாது. முடிக்கு முக்கியமான சிஸ்டீனும் இல்லை என்றே சொல்லலாம். "புரதம்" என்று ஒரே பெயர் இருந்தாலும் எல்லாப் புரதமும் ஒன்றில்லைங்க. பாரிஸ் ஏழைகள் வயிற்றைக் கொடுத்துக் கற்றுத்தந்த பாடம் இது.

அடுத்து ஆப்பிரிக்கா. இன்று கானா என்று அழைக்கப்படும் அன்றைய கோல்டு கோஸ்ட்.

ஜமைக்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1 முதல் 4 வயதுக் குழந்தைகள். கை கால் வீக்கம், தோல் உரிதல், எரிச்சலான முகம். கறுப்பாக இருக்க வேண்டிய முடி செம்பட்டையாகி, மெலிந்து, இழுத்தால் கையோடு வந்தது. தாய்ப்பால் நின்ற பிறகு சோளக் கஞ்சியை மட்டுமே நம்பி வளர்ந்த குழந்தைகள் இவர்கள். 1933ல் இதை அவர் கட்டுரையாக எழுதினார். 1935ல் லான்செட் இதழில் அந்த ஊர் மக்கள் வைத்திருந்த பெயரையே நோய்க்குப் பெயராகக் கொடுத்தார். குவாஷியார்கர். அடுத்த குழந்தை வந்ததும் தாய்ப்பாலில் இருந்து விலக்கப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்று அதற்குப் பொருள்.

இந்தக் குழந்தைகளில் சிலருக்கு ஒரே முடியில் வெளுத்த பட்டையும் கறுத்த பட்டையும் மாறி மாறி இருக்கும். சத்து கிடைக்காத மாதங்களில் வளர்ந்தது வெளுப்பு, கிடைத்த மாதங்களில் வளர்ந்தது கறுப்பு. கொடியில் உள்ள கோடுகள் மாதிரி இருப்பதால் இதைக் "கொடி அடையாளம்" என்று மருத்துவப் பாடத்தில் படிப்போம்.

ஆக, சத்துக் குறைந்தால் முடி பாதிக்கும் என்பது உண்மை. சத்துள்ள உணவு கொடுத்தால் முடி திரும்பும் என்பதும் உண்மை. இதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

அந்த உண்மையில் இருந்து உலகம் ஒரு தாவு தாவியது. அங்குதான் சிக்கல்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, உலகத்தின் ஊட்டக்குறைவு எல்லாமே புரதக் குறைவுதான் என்று பேச ஆரம்பித்தார்கள். 1955ல் ஐ.நா. அமைப்புகள் புரதத்துக்கென்றே ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தன. 1968ல் "வரப்போகும் புரத நெருக்கடி" என்று ஐ.நா. அறிக்கையே வந்தது. தீர்வு எங்கே? கடலில்!

முழு மீனை அரைத்து, கொழுப்பையும் வாசனையையும் நீக்கி, புரதம் மிகுந்த வெள்ளைப் பொடியாக்கினார்கள். இதுதான் மீன் புரத அடர்பொடி. மரைன் புரோட்டீன் சப்ளிமென்ட்டின் பாட்டன் என்று சொல்லலாம். 1960களில் அமெரிக்க அரசு இதற்குப் பெரிய அளவில் பணம் செலவழித்தது. தலை, குடல் எல்லாம் சேர்த்து அரைத்ததை மனிதருக்கு எப்படிக் கொடுப்பது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. முதலில் மறுத்தது. பிறகு 1967ல் கட்டுப்பாடுகளோடு அனுமதி கொடுத்தது. வாஷிங்டன் மாநிலத்தின் அபர்டீன் ஊரில் மாதிரி ஆலையும் வந்தது. ஆனால் விலை கட்டுப்படியாகவில்லை. யாருக்காகச் செய்தார்களோ அவர்கள் விரும்பிச் சாப்பிடவும் இல்லை. 1970களின் தொடக்கத்திலேயே திட்டம் படுத்துவிட்டது.

இதே காலத்தில் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஒருவர் வேறு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் சி. கோபாலன். சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். குவாஷியார்கர் வந்த குழந்தைகளும், எலும்பும் தோலுமாய் ஆகும் மராஸ்மஸ் வந்த குழந்தைகளும் நோய்க்கு முன்பு என்ன சாப்பிட்டார்கள் என்று அவர் குழு பார்த்தது. இரு தரப்பின் உணவிலும் புரத அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை! குழந்தைகளுக்கு மொத்தச் சாப்பாடே பற்றவில்லை. இருக்கிற சோறு, பருப்பு, கீரையை வயிறு நிறையக் கொடுத்தாலே புரதமும் பெரும்பாலும் வந்துவிடும் என்பதை அந்த ஆய்வுகள் காட்டின. 1974ல் டொனால்டு மெக்லாரன் என்ற மருத்துவர் லான்செட் இதழில் இந்த மொத்த ஆர்ப்பாட்டத்தையும் "மாபெரும் புரதத் தோல்வி" என்ற பொருள்படும் தலைப்பிலேயே எழுதினார்.

குறைவு இருந்தால் கொடு, குணமாகும். குறைவே இல்லாதவருக்குக் கொட்டிக் கொடுத்தாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. இந்த இரண்டையும் குழப்பியதில்தான் ஏழை நாடுகளின் காசும் காலமும் வீணானது. இன்று அதே குழப்பம் நம் வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் வந்து நிற்கிறது.

1976க்கு வருவோம். இது கொஞ்சம் கசப்பான பகுதி.

அமெரிக்காவில் ராபர்ட் லின் என்ற மருத்துவர் எடை குறைப்புப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. மாட்டுத்தோல் போன்றவற்றில் இருந்து எடுத்த கொலாஜனை உடைத்துத் திரவமாக்கி, சாப்பாட்டுக்குப் பதிலாக அதை மட்டுமே குடிக்கச் சொல்லும் முறை. லட்சக்கணக்கானோர் குடித்தார்கள். 1977, 78ல் மரணச் செய்திகள் வர ஆரம்பித்தன. 50க்கும் மேற்பட்ட மரணங்கள் அரசு அமைப்புகளிடம் பதிவாயின. அவற்றில் 17 மரணங்களை மருத்துவர்கள் ஆழமாக ஆராய்ந்தார்கள். வேறு காரணம் எதுவும் இல்லாமல், இதயத் துடிப்பு சீர்கெட்டு இறந்திருந்தார்கள். 1841ல் நாய்களிடம் பார்த்ததை 136 வருடம் கழித்து மனிதர்களிடம் பார்த்தார்கள். (இன்று யாரும் கொலாஜனை மட்டுமே உணவாகக் கொள்வதில்லை. ஆகவே நீங்கள் ஒரு ஸ்பூன் கலந்து குடித்ததற்காகப் பயப்பட வேண்டாம். எது முழுப் புரதம், எது அரைப் புரதம் என்று புரியவே இதைச் சொல்கிறேன்.)

அதே 1976ல் இன்னொரு கட்டுரையும் வந்தது. கடும் பட்டினி முறையில் எடை குறைத்த 9 பேருக்குச் சில மாதங்கள் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியதைத் தோல் மருத்துவர்கள் இருவர் பதிவு செய்தார்கள். இந்த வகை உதிர்வுக்கு 1961லேயே ஆல்பர்ட் கிளிக்மன் பெயர் வைத்திருந்தார். டெலோஜன் எஃப்ளூவியம். உடலுக்கு ஒரு பெரிய அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடும். ஓய்வு எத்தனை மாதம்? 3 மாதம். அதனால் அதிர்ச்சி நடந்து 2, 3 மாதம் கழித்துத்தான் முடி கொட்டும்.

பிரசவம், டைபாய்டு, டெங்கு, அறுவை சிகிச்சை, திடீர் பட்டினி டயட் எல்லாம் இதில் சேரும். கோவிட் வந்து போன பிறகு பலருக்கும் முடி கொட்டியது நினைவிருக்கிறதா? அதுவும் இதுதான்.

இதில் நல்ல செய்தி என்னவென்றால், காரணம் நீங்கிவிட்டால் பெரும்பாலும் 6 மாதத்துக்குள் உதிர்வு தானாகவே அடங்கும். கெட்ட செய்தி? முடி கொட்ட ஆரம்பித்துப் பயந்துபோய் ஒரு டப்பா வாங்கி 3 மாதம் சாப்பிடுவோம். தானாக நிற்க வேண்டியது நிற்கும். பெயர் டப்பாவுக்குப் போகும். சாட்சி சொல்வது நீங்கள். பொய்யும் சொல்லவில்லை. நம்பித்தான் சொல்கிறீர்கள். இப்படித்தான் ஒரு தெருவில் ஒருவர் வாங்கினால் பத்துப் பேர் வாங்குகிறார்கள்.

சரி, இப்போது நம் டப்பாவின் பிறந்த ஊருக்குப் போவோம்.

1970களின் தொடக்கத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த பாங், டையர்பெர்க் என்ற ஆய்வாளர்கள் கிரீன்லாந்துக்குப் போய் அங்கே வாழும் இன்யூட் மக்களின் ரத்தக் கொழுப்பை ஆராய்ந்தார்கள். மீனும் சீலும் சாப்பிடும் மக்கள். மீன் எண்ணெய், ஒமேகா 3 என்று இன்று நாம் பேசுவதெல்லாம் அங்கிருந்து கிளம்பியதுதான். "பனிப்பிரதேச மக்கள், கடல் உணவு, ஆரோக்கியம்" என்ற படம் ஐரோப்பியர் மனதில் அப்போது பதிந்தது.

1980களில் ஸ்காண்டிநேவிய ஆய்வாளர் ஒருவர் இன்யூட் மக்களின் அடர்த்தியான முடியைக் கவனித்து, அவர்கள் உணவில் இருந்து ஒரு புரதச் சாற்றைக் கண்டுபிடித்தார் என்பது விவிஸ்கல் என்ற மாத்திரையின் தயாரிப்பாளர்கள் சொல்லும் பிறப்புக் கதை. சுறாவில் இருந்தும் சிப்பி போன்ற மெல்லுடலிகளில் இருந்தும் எடுத்த பொடிதான் அதன் அடிப்படை. வைட்டமின் சி, துத்தநாகம் மாதிரி இன்னும் சிலதும் சேர்த்தி.

1992ல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் அதைப் பரிசோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பரம்பரை வழுக்கை உள்ள 40 இளைஞர்கள். 20 பேருக்கு இந்த மாத்திரை, மற்ற 20 பேருக்கு மீன் சாறு. 6 மாதம். மாத்திரைக் குழுவில் முடி 38 சதவிகிதம் கூடியது. 20ல் 19 பேர் குணமானார்கள் என்றது கட்டுரை. மீன் சாறு குழுவில் கூடியது வெறும் 2 சதவிகிதம்.

இங்கே நிறுத்தி இரண்டு விஷயங்களை யோசியுங்கள்.

முதல் விஷயம், எதிர்த்தரப்பு யார் என்று பாருங்கள். மீன் சாறு! அந்த ஆய்வு சொல்வதை அப்படியே ஏற்றாலும், "மீனில் இருந்து எடுத்த சாறு முடியை வளர்க்கவில்லை" என்றுதான் ஆகிறது. கடலில் இருந்து வந்தது எல்லாம் முடிக்கு நல்லது என்று சொல்லி மீன் கொலாஜன் விற்பவர்களுக்கு இந்த ஆய்வு சாதகமே இல்லை.

இரண்டாவது விஷயம், அந்த 38 சதவிகிதம். பரம்பரை வழுக்கை வருவது புரதக் குறைவால் அல்ல. டி.எச்.டி. என்ற ஹார்மோனின் தாக்கத்தால் மயிர்க்கால்கள் சுருங்குவதால் வருவது. அந்த ஹார்மோன் உருவாவதையே தடுக்கும் ஃபினஸ்டரைடு மருந்துக்கு 1997ல் வழுக்கைக்கான அனுமதி கிடைத்தது. அதற்காக 1,553 ஆண்களிடம் ஆய்வு நடத்தினார்கள். உச்சந்தலையில் 1 அங்குல விட்டமுள்ள வட்டத்தில் தொடக்கத்தில் சராசரி 876 முடி. 2 வருடம் கழித்து, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 138 முடி அதிகம். அதாவது சுமார் 16 சதவிகிதம்.

அளக்கும் முறை வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்கக் கூடாதுதான். இருந்தாலும் ஒன்று கேட்கலாம். காரணத்தையே தாக்கும் மருந்து 2 வருடத்தில் 16 சதவிகிதம் கொடுக்கிறது. சுறாப் பொடி 6 மாதத்தில் 38 சதவிகிதம் கொடுத்து, 20ல் 19 பேரைக் குணப்படுத்தியது என்றால், இந்த 30 வருடத்தில் உலகத்தில் வழுக்கையே ஒழிந்திருக்க வேண்டாமா? ஒழியவில்லை. உங்கள் தெருவிலேயே பார்க்கலாம்.

அதே 1992ல் சுறாவை வைத்து இன்னொரு கடையும் திறந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல அறிவியல் எண்ணம் எப்படி டப்பாவாக மாறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

புற்றுநோய்க் கட்டி வளரப் புதிய ரத்த நாளங்கள் தேவை, அதைத் தடுத்தால் கட்டியைப் பட்டினி போடலாம் என்று 1971ல் ஜூடா ஃபோக்மன் சொன்னார். அருமையான கருத்து. குருத்தெலும்பில் ரத்த நாளம் கிடையாது. அப்படியானால் நாளங்களைத் தடுக்கும் ஏதோ ஒன்று அதில் இருக்க வேண்டும் என்று தேடினார்கள். 1983ல் சுறா குருத்தெலும்புச் சாற்றில் அப்படி ஒரு தன்மை இருப்பதாக ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். இதுவரை அறிவியல். 1992ல் வில்லியம் லேன் என்பவர் "சுறாக்களுக்குப் புற்றுநோய் வராது" என்ற பொருளில் தலைப்பு வைத்துப் புத்தகம் போட்டார். சுறா குருத்தெலும்பு மாத்திரை விற்பனை எகிறியது. சுறாக்களுக்கும் புற்றுநோய் வரும் என்பது பதிவான உண்மை. அதை யார் கேட்டார்கள்?

கடைசியில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 379 பேரிடம் சுறா குருத்தெலும்பு மருந்து ஒன்றை முறையாகச் சோதித்து 2010ல் முடிவை வெளியிட்டார்கள். ஆயுள் கூடவில்லை. இதற்கிடையில் அமெரிக்க நீதிமன்றம் 2004லேயே ஒரு நிறுவனத்தின் சுறா மாத்திரை விற்பனைக்குத் தடை போட்டிருந்தது. புத்தகத்தில் இருந்து சரியான விடைக்கு 18 வருடம் ஆனது. அதுவரை எத்தனை பேர் சரியான சிகிச்சையைத் தள்ளிப்போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

முடிக்கு வருவோம். முடியில் அப்படிப் பெரிய ஆய்வு நடந்திருக்கிறதா?

2012ல் அமெரிக்காவில் விவிஸ்கல் மாத்திரையை வைத்துப் பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மொத்தம் 15 பேர். 10 பேருக்கு மாத்திரை, 5 பேருக்கு வெற்று மாத்திரை. குறிப்பிட்ட இடத்தில் மாத்திரைக் குழுவின் தடித்த முடி எண்ணிக்கை 271ல் இருந்து 90 நாளில் 571 ஆனது, 180 நாளில் 610ஐ நெருங்கியது என்கிறது கட்டுரை. 90 நாளில் இரண்டு மடங்குக்கும் மேல்! ஓய்வு நிலையில் இருப்பவை 10, 15 சதவிகிதம்தான் என்று மேலே பார்த்தோம். அத்தனையும் ஒன்றாக விழித்தால்கூட இரண்டு மடங்காகாது. மெல்லிய முடிகள் தடித்திருக்கலாம் என்று வாதிடலாம். அதற்கு 5 பேரை எதிரில் வைத்த ஆய்வு போதாது.

2015ல் 60 பெண்களிடம் 3 மாத ஆய்வு நடந்தது. அதிலும் மாத்திரைக்குச் சாதகமான முடிவுதான். நியாயமாகச் சொல்ல வேண்டும், ஆதாரமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கும் ஆதாரத்தின் எடை எவ்வளவு என்றுதான் சொல்கிறேன்.

ஒன்று, சிறிய எண்ணிக்கை, குறுகிய காலம்.

இரண்டு, பணம் தயாரிப்பு நிறுவனத் தரப்பில் இருந்து வந்தது. அதனாலேயே பொய் என்று ஆகிவிடாது. வெளியே உள்ளவர்கள் திரும்பச் செய்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று, அதில் பங்கேற்றவர்கள் தம் முடி மெலிந்துவிட்டதாகத் தாமே உணர்ந்த பெண்கள். எந்தக் காரணத்தால் மெலிந்தது என்று பிரித்து வைத்த ஆய்வு அல்ல. தானாகவே சரியாகும் உதிர்வும் அதில் கலந்திருக்கலாம்.

நான்கு, மாத்திரையில் கடல் புரதத்தோடு துத்தநாகம், வைட்டமின் சி, பயோட்டின் என்று பலதும் உண்டு. ஒருவேளை பலன் இருந்தால், அது சுறாவுக்கா துத்தநாகத்துக்கா? தெரிய வழியில்லை.

இன்னொரு எளிய கணக்கும் இருக்கிறது. நம்மால் விழுங்க முடிகிற ஒரு மாத்திரையில் எவ்வளவு புரதம் இருக்க முடியும்? 1 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம். புரதம்தான் மருந்து என்றால் நெத்திலிக் குழம்பு இந்த மாத்திரையை எப்போதோ தோற்கடித்துவிட்டது. நம் கடலோர ஊர்களில் பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு செய்து கொடுப்பார்கள். அந்தத் தாய்மார்களுக்கும் பிரசவம் முடிந்து மூன்றாவது மாதம் முடி கொட்டத்தான் செய்கிறது. பிறகு தானாக வளரவும் செய்கிறது.

பக்க விளைவு உண்டா? மீன், சிப்பி, இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் இவற்றைத் தொடவே வேண்டாம். சுறா பெரிய வேட்டை மீன் என்பதால் பாதரசம் அதன் உடலில் சேரும். 2014ல் வெளியான ஆய்வில், கடைகளில் விற்ற 16 சுறா குருத்தெலும்புப் பொருட்களில் 15ல் நரம்புக்குக் கேடு செய்யக்கூடிய பி.எம்.ஏ.ஏ. என்ற பொருள் இருந்தது. இன்னொரு பக்கம், உலகின் சுறா, திருக்கை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழியும் ஆபத்தில் இருக்கின்றன. முடி வளருமோ வளராதோ என்று தெரியாத ஒரு மாத்திரைக்காக அதுவும் போகிறது.

சரி டாக்டர், முடி கொட்டுதே, நான் என்னதான் செய்றது?

1. காலண்டரை 3 மாதம் பின்னால் திருப்புங்கள். காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட், பெரிய மனவேதனை ஏதாவது இருந்ததா? இருந்தால் பொறுமையாக இருங்கள். பெரும்பாலும் திரும்ப வளரும்.

2. பெண்கள் முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு. 2019-21ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது இதைப் படிக்கும் சகோதரிகளில் இருவரில் ஒருவருக்கு இருக்கலாம். மூச்சு வாங்குவதையும் அசதியையும் "வேலை ஜாஸ்தி" என்று ஒதுக்கிவிட்டு, முடிக்கு மட்டும் மாதம் ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

3. புரதத்தைத் தட்டில் தேடுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் போதும். முட்டை, மீன், பருப்பு, சுண்டல், தயிர், நிலக்கடலை. சைவமோ அசைவமோ, உங்கள் வீட்டுச் சமையலிலேயே வந்துவிடும். காலையில் வெறும் காபி, மதியம் பாதி வயிறு என்று இருப்பவர்கள் முதலில் அதை மாற்றுங்கள்.

4. நெற்றி ஏறுகிறது, உச்சி தெரிகிறது, வகிடு அகலமாகிறது என்றால் அது பரம்பரை வகையாக இருக்கலாம். அதற்கு நிரூபணமான மருந்துகள் உண்டு. மினாக்ஸிடிலுக்கு 1988லேயே அனுமதி கிடைத்துவிட்டது. சுருங்கும் மயிர்க்கால் முழுதாகப் போய்விட்டால் மீட்பது கடினம் என்பதால், டப்பாக்களில் ஒரு வருடத்தைக் கழிக்காமல் சீக்கிரம் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஃபினஸ்டரைடை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். கருவுற்ற பெண்கள் அதைத் தொடவே கூடாது.

5. முடி மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் அதிகமாக இருக்கும். அது தைராய்டு, மாரடைப்புக்கான டிரோபோனின் உள்ளிட்ட சில ரத்தப் பரிசோதனை முடிவுகளையே தவறாகக் காட்டக்கூடும் என்று எஃப்.டி.ஏ. 2017ல் எச்சரித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

6. ஏற்கனவே டப்பா வாங்கிவிட்டீர்களா? ஒவ்வாமை இல்லை, சுறா இல்லை என்றால் பதற வேண்டாம். தீர்ந்ததும் அடுத்தது வாங்கும் முன் மேலே 2ஆம் எண்ணில் உள்ள பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். பல ஊர்களில் அந்த டப்பாவின் விலைக்குள்ளேயே முடிந்துவிடும்.

இனி யாராவது முடிக்கு ஒரு பொடியோ மாத்திரையோ கொடுத்தால், "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பதற்கு முன்னால் "என் உடம்பில் எது குறைகிறது?" என்று கேளுங்கள். விற்பவரிடம் அதற்குப் பதில் இருக்காது. உங்கள் ரத்தப் பரிசோதனையிலும், நீங்கள் சாப்பிடும் தட்டிலும், மருத்துவரின் பத்து நிமிடப் பேச்சிலும் இருக்கும்.

வீட்டில் முடி கொட்டுகிறது என்று கவலைப்படும் அக்கா, தங்கை, தம்பி யாராவது இருந்தால் இதைப் படிக்கக் கொடுங்கள். சந்தேகங்களைக் கீழே கேளுங்கள், நேரம் கிடைக்கும்போது பதில் சொல்கிறேன்.